கன்சில் கிளட்ச் தேய்ந்துவிட்டது, பிளேட் மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது, பிளேட், அதை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அதை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட்டோடு மாற்றுங்கள். ஆனால் கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன்னால் நிஜமாகவே கிளட்ச்தான் போயிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உங்கள் பெரோடுவா கன்சில் 850 கார் மேட்டில் உறுமுகிறதே தவிர ஏறவில்லை, பட்டறையில் முழு செட்டும் மாற்றணும் என்கிறார்கள், பிளேட் மட்டும் என்றால் கையைக் கடிக்காது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பேராக்கில் தாப்பாவில்தான் இருக்கிறேன். மழை பெய்தால் தோட்டத்துச் செம்மண் பாதையில் சக்கரம் சுழலும், மேலே கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தா வரைக்கும் வளைந்து வளைந்து 60 கிலோமீட்டர் மலை ரோடு. இங்கே ஓடுகிற மேனுவல் வண்டிக்கு இந்தச் செலவு என்றைக்காவது வந்தே தீரும்.

முதலில் கேபிளைப் பாருங்கள். கன்சிலில் கிளட்ச் கேபிளில்தான் வேலை செய்கிறது. பெடலைக் கையால் அமுக்கினால் மேலே கொஞ்ச தூரம் லேசாக இறங்கி, அப்புறம்தான் கனக்க வேண்டும். பிளேட் தேயத் தேய அந்த லேசான தூரம் குறைந்துகொண்டே வரும், அது சுத்தமாக இல்லையென்றால் நீங்கள் காலை எடுத்த பிறகும் கிளட்ச் அரைகுறையாக மிதிபட்டே கிடக்கிறது என்று அர்த்தம். கேபிள் முனையில் இருக்கும் நட்டைத் தளர்த்தினாலே சில சமயம் வண்டி மறுபடி இழுக்கும். தளர்த்திய பிறகும் வழுக்கினால், ஆள் இல்லாத சமதரையில் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து கிளட்ச் பெடலை விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் உடனே அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற பிளேட்டும் தீய்ந்துபோகும்.

கியர் விழும்போது கரகரவென்று கடிப்பது வேறு கதை. அது கிளட்ச் முழுசாக விடாததால் வருவது, கேபிள் நீண்டு போயிருந்தாலும் வரும். பெடலை மிதிக்கும்போது மட்டும் ஒரு சத்தம் கேட்டால் ரிலீஸ் பேரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சரி, தேய்ந்தேதான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏன் செட்டு? கூலிக்கே கணிசமாகக் காசு போகும். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டைக் கழற்றி, கியர் எண்ணெயை வடித்து, கியர்பாக்ஸை இறக்கினால்தான் கிளட்ச் கண்ணுக்கே தெரியும். பிளேட்டை மட்டும் போட்டு மூடிவிட்டு, சில மாதத்தில் பேரிங் கத்த ஆரம்பித்தால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். என் உறவுக்காரர் ஒருவர் அப்படிக் கொடுத்தார், பார்க்கவே வயிறெரிந்தது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே வயசு, ஒன்றாகவே போகட்டும்.

இறக்கிய பிறகு பக்கத்தில் நின்று பாருங்கள், பட்டறை முதலாளி தவுக்கே கோபித்துக்கொள்ள மாட்டார். பழைய பிளேட்டில் ரிவெட் தலைகள் உராயும் பரப்புக்குக் கீழே பள்ளத்தில் இருக்க வேண்டும். பள்ளம் 0.3 மில்லிமீட்டருக்கு வந்தாலே மாற்றச் சொல்லும் கையேடுகள் உண்டு. உங்களுடையதில் ரிவெட் தலை பளபளவென்று மின்னினால் அது பிளேட் உராயும் எஞ்சின் பக்கத்துச் சக்கரமான பிளைவீலையும் கீறியிருக்கலாம். பிளைவீல் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். வரி வரியாகத் தட்டுப்பட்டாலோ, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலோ லேத் கடைக்கு அனுப்பச் சொல்லுங்கள், வெடிப்பு இருந்தால் பிளைவீலையே மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம், பிளைவீலுக்குப் பின்னால், எஞ்சின் எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் கிராங்க் ஆயில் சீல். அங்கே எண்ணெய் ஈரம் தெரிந்தால் அதை விட்டு மூடவே கூடாது. சீல் விலை சொற்பம், ஆனால் அந்த எண்ணெய் புது பிளேட்டில் பட்டால் அது மறுபடி வழுக்கும், இல்லை கிளம்பும்போது வண்டி உதறும். கியர்பாக்ஸ் பக்கத்துச் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் காற்று அடித்து ஊதவிடாதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத்துணியால் துடைப்பதுதான் நல்லது.

பழைய வண்டிகளை வெட்டிப் பாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் எஞ்சின் வாங்கலாம், கதவு வாங்கலாம். கிளட்ச் பிளேட் மட்டும் வேண்டாம், யார் எவ்வளவு தேய்த்தது என்று யாருக்குத் தெரியும்? எக்செடி, ஐசின் மாதிரிப் பேர்போன கம்பெனி செட்டை நம்பிக்கையான கடையில் வாங்குங்கள், பேரைப் போட்ட போலியும் சந்தையில் உண்டு.

பூட்டும்போது பிளேட்டின் எந்தப் பக்கம் பிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது, திருப்பிப் போட்டால் கிளட்ச் ஒழுங்காக விடாது. அதை நடுவில் நிறுத்த ஒரு சென்டரிங் குச்சி வேண்டும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். கியர்பாக்ஸின் பாரம் ஒரு நிமிடம்கூடப் பிளேட்டின் மேல் தொங்கக் கூடாது, தொங்கினால் நடுப்பகுதி கோணிவிடும். கிரீஸ், பிளேட் மாட்டும் கியர்பாக்ஸ் தண்டின் பல் வரியான ஸ்பிளைன் மேல் மெல்லிய பூச்சாக, அவ்வளவுதான்.

வண்டி கைக்கு வந்ததும் முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாதீர்கள், கேமரன் பக்கமும் போகாதீர்கள், ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டுங்கள். மேட்டில் நிற்கும்போது கிளட்ச்சைப் பாதி மிதித்து வண்டியைப் பிடிக்காமல் ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். கொஞ்ச நாள் ஓடியதும் பட்டறைக்குப் போய்க் கேபிளை இன்னொரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள்.