பகல் காற்றின் கணக்கு: வாசகர் கேள்விகள்

கே: கணினியில் வானிலை மாடல் ஓட்டாமலே மேக அடியின் உயரத்தைச் சொல்ல முடியுமா? (அஸ்தம்பட்டி)

ப: வெப்பநிலையிலிருந்து பனிநிலையை (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) கழித்து 125ஆல் பெருக்குங்கள். மழைக்காலத்தில் 30, 24 என்று வைத்தால் 750 மீட்டர். சேலத்தின் கடல்மட்ட உயரம் 280 மீட்டரையும் கூட்டினால் ஆயிரத்துச் சொச்சம். ஏற்காடு 1500 மீட்டரில் இருக்கிறது. நீங்கள் கீழிருந்து மேகம் என்று பார்ப்பதற்குள்தான் அங்கே விளக்கைப் போட்டு வண்டி ஓட்டுகிறார்கள். மே மாதத்தில் 38, 20 வைத்துப் பாருங்கள், மலையெல்லாம் மேகத்துக்குக் கீழேதான்.

கே: என் மாடல் ஓட்டத்தில் சேலத்துக் கலப்பு அடுக்கு (வெயிலில் தரை சூடேறிக் கலங்கும் கீழ்க்காற்று) காலை 9 மணிக்கே உச்சம் தொடுகிறது. கட்டுரையாக எழுதலாமா? (ஆய்வு மாணவர், ஓமலூர்)

ப: அது யூடிசி, உலகப் பொது நேரம், தம்பி. ஐந்தரை மணி கூட்டுங்கள். பிற்பகல் இரண்டரை. எழுத வேண்டாம்.

கே: டபிள்யூஆர்எஃப் வானிலை மாடலில் கட்ட இடைவெளியை 3 கி.மீ.யிலிருந்து 500 மீட்டராகக் குறைத்தேன். எல்லை அடுக்குத் திட்டத்தை (கட்டத்தில் தெரியாத சுழிகளின் வேலையைத் தோராயமாகக் கணக்கிடும் பகுதி) மாற்றவில்லை. சேர்வராயன் அடிவாரத்தில் சுழிகள் அழகாகத் தெரிகின்றன. துல்லியம் கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? (சூரமங்கலம்)

ப: கூடாது. மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள், இந்தமுறை மூன்று பேர். சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கோடைப் பிற்பகலில் கலப்பு அடுக்கு ஒன்றரை, இரண்டு கி.மீ. உயரம் வளரும். பெரிய சுழிகளும் ஏறக்குறைய அதே அளவுதான். 3 கி.மீ. கட்டத்தில் அவை கண்ணில் படவே படாது. சூட்டை மேலே தூக்குகிற வேலை முழுவதையும் திட்டம் பார்த்துக்கொள்ளும். 50 மீட்டரில் சுழிகளை மாடலே கணக்கிடும். திட்டத்தை அணைத்துவிட்டு, மிச்சமுள்ள சிறுசுகளை மட்டும் ஸ்மாகரின்ஸ்கி போன்ற சிறுசுழிக் கணக்கு ஒன்றிடம் கொடுக்கலாம். நடுவில் 500 மீட்டரில் என்ன ஆகிறது? சுழிகள் அரைகுறையாகத் தெரிகின்றன. மாடல் எதையுமே பார்க்கவில்லை என்று நினைத்துத் திட்டமும் முழு வேலையைச் செய்கிறது. ஒரே வரவை இரண்டு பேரேட்டில் எழுதிய கதை. வானிலை ஆய்வாளர் வின்கார்ட் 2004இலேயே இந்த இடைவெளிக்கு ‘அறியாத நிலம்’ என்று பெயர் வைத்துவிட்டார்.

இன்னொன்று. கட்ட இடைவெளி 500 மீட்டர் என்றால் மாடல் 500 மீட்டரைப் பார்க்கிறது என்று அர்த்தமில்லை. ஏழு மடங்கு, அதாவது மூன்றரை கி.மீ.க்குக் குறைந்ததை அது ஒழுங்காகக் காட்டாது. உங்கள் அழகான சுழிகளின் அளவு காற்றிலிருந்து வந்ததா, கட்டத்திலிருந்து வந்ததா? இடைவெளியை 700 ஆக்கி ஓட்டுங்கள். சுழிகளும் கூடவே பெருத்தால் விடை கிடைத்துவிடும். ஒருமுறை ஒரு வாய்மொழித் தேர்வில் இதே மாதிரி சிவப்பும் நீலமுமாக ஒரு படத்தைத் திரையில் போட்டார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். “இடைவெளியை மாற்றிப் பார்த்தீர்களா? மண் ஈரம் எங்கிருந்து எடுத்தீர்கள்?” என்றேன். டீ வந்துவிட்டது.

3 கி.மீ.யிலேயே நில்லுங்கள், அல்லது 50 மீட்டருக்கு இறங்குங்கள். ஆனால் அங்கே காலப்படி, அதாவது மாடல் ஒரு தடவையில் முன்னே நகரும் நேரம், 18 விநாடியிலிருந்து 0.3 விநாடிக்கு வந்துவிடும், யோசித்துக்கொள்ளுங்கள். நடுவில்தான் நிற்பேன் என்றால், கட்ட அளவைப் பார்த்துத் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும் ஷின்-ஹாங் போன்ற திட்டத்தையாவது போடுங்கள்.

கே: ஜவ்வரிசிக் களத்தில் 11 மணிக்கு மேல் சுழல்காற்று வந்து தார்ப்பாயைத் தூக்குகிறது. மாடலில் முன்கூட்டியே தெரியுமா? (ஆத்தூர்)

ப: தெரியாது. அது சில மீட்டர் அகலம். அதைப் பிடிக்க ஒரு மீட்டர் கட்டம் வேண்டும். பக்கத்து மரவள்ளிக் காட்டில் தண்ணீர் பாய்ச்சியிருந்தால் வெயிலில் பெரும்பங்கு ஆவியாக்கவே போய்விடும். காய்ந்த சிமெண்ட் களத்தில் காற்றைத்தான் சூடாக்கும். அதனால்தான் உங்கள் களத்துக்கு வருகிறது. காற்று லேசாக இருக்கும் நாளில் தார்ப்பாய் ஓரத்தில் கல் வையுங்கள்.

கே: மாடலில் ஏற்காட்டு வெப்பநிலை எப்போதும் 5 டிகிரி கூடுதலாகவே வருகிறது. எந்தத் திட்டத்தை மாற்றுவது? (ஏற்காடு)

ப: எதையும் தொடாதீர்கள். முதலில் மாடலில் ஏற்காட்டின் உயரத்தைப் பாருங்கள். 9 கி.மீ. கட்டம் மலையையும் சமவெளியையும் சேர்த்துச் சராசரி போட்டுவிடும். 1500 இருக்க வேண்டிய இடத்தில் 900 இருந்தால், அந்த 600 மீட்டரே 4 முதல் 6 டிகிரி. அப்புறமும் பிழை மிஞ்சினால் மண் ஈரத்தைப் பாருங்கள். எத்தனை தடவைதான் சொல்வது!

கே: கலப்பு அடுக்கின் மேல்பாதியில் பரவல் கெழு (சூடு எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்ற எண்) எதிர்மறையாக வருகிறது. நிரலில் பிழையா? (பேராசிரியை, சேலம்)

ப: நிரல் சரி. அங்கே மேலே போகப் போக நிலைவெப்பம் (அழுத்த வேறுபாட்டைக் கழித்த வெப்பநிலை) லேசாகக் கூடுகிறது, ஆனாலும் சூடு மேல்நோக்கித்தான் போகிறது. தரையிலிருந்து கிளம்பும் குமிழ்கள் அந்தச் சரிவைக் கேட்டுக்கொண்டு ஏறுவதில்லை. வானிலை ஆய்வாளர் டியர்டார்ஃப் 1966இல் சமன்பாட்டில் சேர்த்த எதிர்ச்சரிவு உறுப்பைச் சேருங்கள். ஒய்எஸ்யு என்ற எல்லை அடுக்குத் திட்டத்தில் அந்த வகை உறுப்பு ஏற்கெனவே உண்டு.

கே: பனிக்காலத்தில் விடிகாலையில் இல்லாத புகை நாற்றம் எட்டரை, ஒன்பது மணிக்கு ஏன் வருகிறது? (செவ்வாய்ப்பேட்டை)

ப: இரவெல்லாம் உயரப் புகைபோக்கிகளின் புகை குளிர்ந்த படலத்துக்கு மேலே தனியாக மிதக்கிறது. வெயில் ஏறி, கலப்பு அடுக்கு அந்த உயரத்தைத் தொட்டதும் மொத்தமாகத் தெருவுக்கு இறங்குகிறது. பத்தரைக்குள் கலைந்துவிடும். நடைப்பயிற்சியை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.