டிகிரி இல்லாமல் டைல் தொழிற்சாலையில் மேனேஜர் ஆக முடியுமா?

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு ஜொகூர் குளுவாங்கில் ஒரு டைல் ஆலையின் சார்ட்டிங் லைனில், அதாவது டைலைத் தரம் பிரிக்கும் இடத்தில், எட்டு மாதமாக நிற்பதாகவும், இங்கிருந்து மேனேஜர் ஆக வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்டு தம்பி. நானும் அதே வேலையில்தான் தொடங்கினேன். இன்று ஓர் ஆலையில் உற்பத்தி மேனேஜராக இருக்கிறேன்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டுக்களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் நின்று, கிராணி (தோட்டக் கணக்கர்) சொல்கிற மர நிரைக்குப் போவார். பால் ஏன் குறைந்தது என்று பட்டையைத் தொட்டே சொல்லிவிடுவார். கிராணிக்குக் கணக்கு தெரியும், அப்பாவுக்கு மரம் தெரியும். நம் தொழிலில் மேலே போக இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

சார்ட்டிங்கை விட்டு சீக்கிரம் ஓடிவிட நினைக்காதீர்கள். ஆலையில் யார் எங்கே தவறு செய்தாலும் அது கடைசியில் உங்கள் கண் முன்னால்தான் வந்து நிற்கும். ஒரு இரவு ஷிப்ட், மணி மூன்று இருக்கும். 60-க்கு 60 சென்டிமீட்டர் தரை டைல் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் லேசான உப்பல், விரலால் தடவினால்தான் தெரியும். சூளை சூப்பர்வைசர் வெப்பத்தை இறக்கிப் பார்த்தார், சரியாகவில்லை. நான் ஒரு டைலை இரும்பு மேசை விளிம்பில் தட்டி உடைத்தேன். உடைந்த இடத்தில், மேலும் கீழும் வெளுப்பாக இருக்க, நடுவில் மட்டும் பென்சிலால் இழுத்த மாதிரி கறுப்புக் கோடு. பிளாக் கோர் என்போம். களிமண்ணில் கலந்திருக்கும் மக்கிய இலை தழை எரிந்து வெளியேறுவதற்குள் மேல்பரப்பு உருகி மூடிக்கொண்டால் இப்படி ஆகும். சில நாள் முன்பு வேறு குவியலிலிருந்து களிமண் லாரி வந்ததை நான் என் நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். சூளையின் ஓட்டத்தைக் கொஞ்சம் மெதுவாக்கி, பிரஸ் அழுத்தத்தையும் தளர்த்தினார்கள். காலை ஷிப்ட் வருவதற்குள் டைல் சரியாக வந்தது. அதற்கப்புறம்தான் என்னைத் தரக்கட்டுப்பாட்டுக்கு மாற்றினார்கள்.

அதனால் குறையைப் பார்த்ததும் பின்னோக்கி நடக்கப் பழகுங்கள். சூளை, பிரிண்டிங், கிளேஸ் (மேல்பூச்சு), டிரையர், பொடியை அழுத்தி டைலாக்கும் பிரஸ், களிமண் கூழை உலர்த்திப் பொடியாக்கும் ஸ்ப்ரே டிரையர், களிமண்ணை அரைக்கும் பால் மில் (ball mill), களிமண் கொட்டகை. பிரஸ்ஸுக்கு வரும் பொடியில் ஈரம் பொதுவாக 5, 6 சதவிகிதம் இருக்கும். அது ஏறி இறங்கினால் டைல் அளவும் மாறும். சூளையில் 1,200 டிகிரி வாக்கில், ஒரு மணி நேரத்துக்குள் டைல் வெந்து வெளியே வந்துவிடும். ஐ.எஸ்.ஓ. 13006 தரத்தையும் எடுத்துப் படியுங்கள். போர்சலின் டைல் நீர் உறிஞ்சுவது 0.5 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது. சாதாரணச் சுவர் டைல் 10 சதவிகிதத்துக்கு மேல் உறிஞ்சும். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று உங்களால் விளக்க முடிகிற அன்றைக்கு, பால் மில்லிலிருந்து சூளை வரை உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் கணக்கு. ஒரு சூளை நாளுக்கு 6,000 சதுர மீட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தரம் ஒரு சதவிகிதம் குறைந்தால் மாதத்துக்கு 1,800 சதுர மீட்டர் விலை குறைந்து போகும். ஆனால் எரிவாயு பில் அதே பில்தான். மேனேஜர்கள் கூட்டத்தில் பேசுவது இந்த மொழியில்தான்.

எழுதத் தெரியாததால் நான் அடிபட்டிருக்கிறேன். முதல் தடவை சூப்பர்வைசர் பதவி வந்தபோது என்னைத் தாண்டி வேறொருவருக்குக் கொடுத்தார்கள். வேலையில் குறை இல்லை, ஆங்கிலத்தில் ஒரு பக்க ரிப்போர்ட் எழுத வரவில்லை. ரொம்ப வலித்தது. மறுவாரமே இரவு வகுப்பில் சேர்ந்தேன். நீங்கள் இப்போதே சேருங்கள். மலாயும் நன்றாகப் பேச வேண்டும். நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தோழர்களை வேலை வாங்க அதுதான் பாலம். அவர்களிடம் முதலில் பசியாறியாச்சா என்று கேளுங்கள், மிஷினைப் பற்றி அப்புறம் கேட்கலாம்.

படிப்புக்கு வழி இருக்கிறது. வேலை அனுபவத்தைக் காட்டி பி.பி.டி. (முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை) வழியாக எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் எடுக்கலாம். அப்பெல் (APEL) என்ற திட்டத்தின் மூலம் அனுபவத்தைத் தகுதியாகக் காட்டி டிப்ளமோவில் சேரலாம். பொறியியல் என்றால் பக்கத்திலேயே பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. கம்பெனி, தொழிலாளர் பயிற்சி நிதியைப் பார்த்துக்கொள்ளும் எச்.ஆர்.டி. கார்ப்புக்கு லெவி (கட்டாயச் சந்தா) கட்டுகிறதா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். கட்டினால் உங்களைப் பயிற்சிக்கு அனுப்ப அந்தப் பணத்தைப் பயன்படுத்தலாம்.

பால் மில், பிரஸ் பக்கம் போகும்போது மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்தால் திரும்ப எடுக்க முடியாது.

இன்றைக்கே ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தேதி, ஷிப்ட், என்ன குறை, எந்த பிரஸ், அச்சில் எத்தனையாவது குழி, சூளையில் இடப்பக்கமா வலப்பக்கமா. குறை தெரிகிற ஒவ்வொரு டைலுக்கும் ஒரு வரி. மூன்று மாதம் எழுதிவிட்டு, அந்த நோட்டோடு போய் பிரஸ் பகுதிக்கு மாற்றம் கேளுங்கள்.