அழுத ஸ்டூடண்ட்டை அதட்டிட்டேன், இப்ப என்ன பண்றது?

கேள்வி: தனியார் நர்சிங் காலேஜ்ல கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரா இருக்கேன். போன மாசம் மெடிக்கல் வார்டு போஸ்டிங்ல செகண்ட் இயர் பொண்ணு ஒருத்தி பாத்துக்கிட்டு இருந்த தாத்தா இறந்துட்டார், அவ பெட் பக்கத்துலயே நின்னு அழ ஆரம்பிச்சுட்டா. பேஷண்ட்ஸ்கூட இருக்கற அட்டெண்டர்ஸ் எல்லாம் பாக்கறாங்களேங்கற பதட்டத்துல "நர்சிங் படிக்க வந்துட்டு இதுக்கெல்லாம் அழுதா எப்படி"ன்னு அதட்டிட்டேன். அதுலேர்ந்து முகம் குடுத்து பேசறதில்ல, ரெண்டு நாள் போஸ்டிங்குக்கும் வரல. இதுல, மத்த ட்யூட்டர்ஸுக்கு இது பத்தி ட்ரெய்னிங் நடத்துங்கன்னு பிரின்சிபால் என் தலையிலயே கட்டிட்டாங்க. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: ட்ரெய்னிங் கிடக்கட்டும் சிஸ்டர், முதல்ல அந்தப் பொண்ணு. இன்னைக்கே தனியா கூப்பிட்டு "அன்னைக்கு நான் அப்படி சொல்லியிருக்கக் கூடாதும்மா, நீ அந்தத் தாத்தாவ நல்லா பாத்துக்கிட்ட"ன்னு சொல்லுங்க, அதோட நிறுத்திடுங்க. கையோட "வராத ரெண்டு நாளுக்கு லீவ் லெட்டர் எங்க"ன்னு கேட்டீங்களோ, போச்சு! நம்ம பேட்ச்ல எல்லாம் டிரீட்மென்ட் ரூம் கதவுக்குப் பின்னாடி நின்னு அழுதுட்டு மூஞ்சி கழுவிட்டுத்தான் வருவோம், அதையே இவங்களுக்கும் பாடமா நடத்திட்டு இருக்கோம்.

தூங்கறியா, சாப்பிடறியா, ஹாஸ்டல்ல யார்கூட பேசறன்னு கேளுங்க. வாழப் பிடிக்கலங்கற மாதிரி ஏதாவது சொன்னா, "செத்துப்போயிடலாம்னு தோணுதா"ன்னு நேராவே கேக்கலாம், கேட்டா அந்த எண்ணம் வந்துடும்ங்கறது வெறும் பயம்தான். ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, அன்னைக்கே சைக்கியாட்ரி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அதனாலதான் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு முன்கூட்டியே சத்தியம் பண்ணக் கூடாதுங்கறேன்.

இப்ப ட்ரெய்னிங். பிபிடி போட்டு ரெண்டு மணி நேரம் ஸ்ட்ரெஸ்னா என்னன்னு வாசிக்காதீங்க, நாமதான் சைக்கியாட்ரி பேப்பர் எழுதி பாஸ் பண்ணவங்களாச்சே. உலக சுகாதார நிறுவனம் 2011ல வெளியிட்ட மனநல முதலுதவி கையேட்டுல பாரு, காது குடுத்துக் கேளு, உதவியோட சேர்த்துவிடுன்னு மூணே படிதான். இதுல நமக்கு வராதது ரெண்டாவது. மூணு மூணு பேரா உட்காருங்க, ஒருத்தர் ஸ்டூடண்ட், ஒருத்தர் ட்யூட்டர், மூணாவது ஆள் சும்மா பாத்து ட்யூட்டர் எத்தனை தடவ அட்வைஸ் பண்றாங்கன்னு எண்ணட்டும், அஞ்சே நிமிஷம், எல்லாரும் அசடு வழிவோம் பாருங்க. சீன் எல்லாம் வார்டுலேர்ந்தே எடுங்க: முதல் சாவு, மருந்து மாத்திக் குடுத்துட்டது, அட்டெண்டர் கெட்ட வார்த்தைல திட்டினது. பேஷண்ட்டுக்குப் போட்ட நீடில் கையில குத்தினது கண்டிப்பா வேணும், ஏன்னா அங்க ஆறுதல் அப்புறம்தான், முதல்ல இடத்த சோப்பு போட்டு கழுவ வெச்சு கேஷுவால்டிக்கு அனுப்பணும், எச்ஐவி தடுப்பு மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது. பயத்துல சொல்லாம மறைக்கற பிள்ளைங்க இருக்காங்க.

ஏன் மறைக்கறாங்க? இன்டர்னல் மார்க் நம்ம கையில இருக்கே. மார்க் போடற ஆள்கிட்ட யாராவது மனசு திறப்பாங்களா? அதனால அந்த பேட்ச்சுக்கு மார்க் போடாத ட்யூட்டர் ஒருத்தர பேசறதுக்குன்னு வெச்சிடுங்க. இந்த ஒண்ணு நடக்கலேன்னா ட்ரெய்னிங் எல்லாம் சடங்குதான். பிரின்சிபால் இழுத்தா, சுப்ரீம் கோர்ட் 2025 ஜூலைல குடுத்த தீர்ப்ப காட்டுங்க: நூறு ஸ்டூடண்ட்டோ அதுக்கு மேலயோ இருந்தா கவுன்சிலர் வேணும், ஸ்டாஃப் எல்லாருக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவ மனநல முதலுதவி ட்ரெய்னிங் வேணும், அதையும் முறையா தகுதியுள்ள மனநல நிபுணர்தான் நடத்தணும். சோ முழுசா உங்க தலையில கட்டவும் முடியாது, ஹாஸ்பிட்டல் சைக்கியாட்ரி டிபார்ட்மென்ட்ட கேளுங்க.

லாக் புக் முதல் பக்கத்துல 14416னு எழுத வைங்க, டெலி மானஸ்ங்கற அரசு மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசுவாங்க. ஒரு மாசமா அந்தக் குற்ற உணர்ச்சிய சுமந்துட்டு இருக்கீங்களே, நீங்களும் ஒரு கால் போடலாம் சிஸ்டர்.