பயிற்சித் திட்டம் தயாரிக்கும் முன் நிறுவனத்தின் உண்மையான தேவையைக் கண்டறிவது எப்படி?

வாடிக்கையாளர் புகார்கள் பெருகிவிட்டன, ஆகவே ஊழியர் அனைவருக்கும் தகவல்தொடர்புப் பயிற்சி கொடுத்துவிடுங்கள் என்று உங்கள் மேலாளர் இரண்டு வாரக் கெடு வைத்திருப்பதாகவும், பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மனிதவளத் துறைக்குப் புதியவர் என்றும், மேலாளரிடம் எதிர்க்கேள்வி கேட்கத் தயங்குபவர் என்றும் எடுத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். நான் அப்படி இருந்தவன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

திருப்பூரில் ஏற்றுமதிக்குப் பின்னலாடை தைக்கும் ஒரு நிறுவனத்தில் சில ஆண்டுகளுக்கு முன் பயிற்சி அலுவலராக இருந்தேன். மெல்லிய சிங்கிள் ஜெர்சித் துணியில் பெண்களுக்கான டி-சர்ட். 3,000 பீஸ் கொண்ட சரக்கு ஒன்று ஆய்வில் தோற்றது. தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த அளவுச் சரக்கில் வழக்கமான ஆய்வு நிலைப்படி 125 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள், ஏற்கத்தக்க குறை அளவு (AQL) 2.5 என்றால் 7 பெருங்குறைகள் வரை விடுவார்கள், எட்டாவது வந்தால் மொத்தச் சரக்கும் நின்றுவிடும். எங்களுக்கு வந்தது ஊசி ஓட்டை. தையல் ஓரத்தில் ஊசி நூலிழையை விலக்கிச் செல்லாமல் அறுத்துவிடுவதால் வருவது அது. தைத்தவுடன் பெரும்பாலும் தெரியாது. துணியை இழுத்துப் பார்த்தாலோ துவைத்தாலோதான் வாயைத் திறக்கும். அடுத்த சரக்கும் அதே குறையால் நின்றபோது உற்பத்தி மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "டெய்லர்களுக்குத் தரத்தைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை, ஒரு பயிற்சி போடுங்கள்" என்றார். போட்டேன்.

நாற்பத்தாறு ஸ்லைடு தயாரித்தேன். ஓட்டையின் பெரிதாக்கிய படங்கள், மழுங்கிய ஊசி முனையின் படங்கள், சரக்கு நின்றால் ஆகும் நட்டக் கணக்கு என எல்லாம் அதில் இருந்தன. மூன்று தையல் லைன்களின் 84 தையல்காரர்கள், ஆளுக்கு இரண்டு அரை நாள். மாத அறிக்கையில் 672 பயிற்சி மணி நேரம் என்று ஏறியது. அந்த எண்ணுக்காக எனக்குப் பாராட்டும் கிடைத்தது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் அந்தப் பெண்களுக்குப் பயிற்சி நேரத்துக்கு ஷிப்ட் கணக்கில்தான் கூலி போட்டார்கள் என்பதும், அது அவர்கள் வழக்கமாகச் சம்பாதிப்பதைவிடக் குறைவு என்பதும் எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. இதைச் சொல்ல இது இடமில்லை என்று சிலர் சொல்லலாம். பயிற்சி என்றாலே ஊழியர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்று கேட்கும் அதே ஆட்களுக்கு, பதில் அந்தக் கூலிச் சீட்டில்தான் இருக்கிறது.

அந்தப் பயிற்சியில் நான் வெட்கப்படுவது ஒன்றுக்காக. தொடங்கும் முன் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு சிறு தேர்வு வைத்தேன். சராசரி மதிப்பெண் எட்டு. முடிந்ததும் அதே தேர்வை மறுபடி வைத்தபோது ஒன்பதரை. முன்னேற்றம் என்று படம் வரைந்து காட்டினேன். பயிற்சிக்கு முன்பே பத்துக்கு எட்டு வாங்குபவர்களுக்கு எந்த அறியாமையைப் போக்கப் போகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்து அனுப்பிய மூன்றாவது சரக்கும் நின்றது.

அதற்குப் பிறகுதான், செய்ய வேண்டியதை முதலில் செய்யாதவனாக, செக்கிங் மேசைப் பதிவேட்டை எடுத்து ஓட்டைகளை மணி வாரியாகப் பிரித்து எழுதினேன். காலையில் குறைவு, சாப்பாட்டுக்குப் பின் கூடுதல், மாலையில் மிக அதிகம். தெரியாமை காரணமாக இருந்தால் அது காலை ஒன்பது மணிக்கும் அப்படியே இருந்திருக்க வேண்டும். துணியில் மென்மையேற்றம் குறைந்தாலும் இந்த ஓட்டை விழும் என்பதால் அதையும் சந்தேகித்தேன். ஆனால் அதே ரோல் துணியைத் தைத்த இரண்டாவது லைனில் ஓட்டை ஏறக்குறைய இல்லை. அந்த லைனின் டெய்லர்கள் வேறெங்கோ படித்துவிட்டு வந்தவர்களல்லர். அவர்களும் என் ஸ்லைடுகளைப் பார்த்தவர்களே.

ஒரு நாள் முழுக்க முதல் லைனில் கைமடி வேலைக்கு, அதாவது டெய்லர்களுக்கு உதவியாக, நிற்பவர்களோடு நின்றேன். மூன்று மணி வாக்கில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் இருந்த ஓர் அக்கா மெஷினை நிறுத்தி, ஊசியைக் கழற்றி, அதன் முனையைத் தன் கட்டை விரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்தார். நகத்தில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்தது. முனை கெட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு அதே ஊசியைத் திரும்பவும் மாட்டித் தைக்கத் தொடங்கினார். ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். "ஊசி மழுங்கினா எங்களுக்குத் தெரியாதுங்களா சார்? மாத்தப் போனா முப்பது பீஸ் போயிருமுங்க" என்றார்.

ஏற்றுமதி நிறுவனங்களில் ஊசிக்குக் கணக்கு உண்டு. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் பதிவேட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புதியது கிடைக்கும். ஆடைக்குள் உலோகத் துண்டு போய்விடக் கூடாது என்பதற்கான நியாயமான விதி அது. ஆனால் எங்கள் ஸ்டோரில், மாத ஊசிச் செலவைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்த பின், உடையாத ஊசியை மாற்றித் தருவதையே நிறுத்திவிட்டிருந்தார்கள். சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிக் கீழ்த்தளத்துக்குப் போய் வாதாடித் திரும்ப இருபது நிமிடம் ஆகும். இரண்டாவது லைனின் சூப்பர்வைசர், விதிக்கு மாறாகத் தன் மேசை இழுப்பறையில் ஊசிப் பொட்டலம் வைத்திருந்தார். இரண்டு லைன்களுக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

லைனுக்கு ஒரு பூட்டிய ஊசிப் பெட்டி, சாப்பாட்டு இடைவேளையில் எல்லா மெஷினிலும் கட்டாய ஊசி மாற்றம், பழையதை எண்ணி வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்க ஒருவர் என்று ஏற்பாடு செய்தோம். உண்மையில் பயிற்சி தேவைப்பட்டது ஸ்டோரில் இருந்த பையனுக்கு. பின்னலாடைக்கு வேண்டிய, முனை உருண்டையான பால் பாயின்ட் ஊசிக்கும் சாதாரண முனை ஊசிக்கும் உறையில் என்ன வேறுபாடு என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அடுத்த சரக்கில் 125 பீஸுக்கு மூன்று குறைகள்தாம்.

பயிற்சியே வீண் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் கோரும் விழிப்புணர்வு வகுப்புகள், தீயணைப்புப் பயிற்சி போன்றவற்றை இந்தத் தராசில் வைத்து ஒத்திப்போட முடியாது. புதிய மெஷின் வந்தால் ஓட்டக் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும். நான் பெரிய ஆலோசனை நிறுவனத்தில் இருந்தவனும் அல்லன். ஆனால் பயிற்சி பற்றி எழுதிய ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970இலேயே வலியுறுத்திய ஒரு கேள்வியை, உயிரே போகும் என்றால் இந்த ஆள் இந்த வேலையைச் சரியாகச் செய்வாரா என்பதை, நான் முதல் நாள் கேட்டிருந்தால் அந்த அக்காவிடமிருந்து பதில் உடனே கிடைத்திருக்கும். செய்வார் என்றால் குறை அறிவில் இல்லை. செய்ய விடாமல் தடுப்பது எது என்று தேட வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மேலாளரிடம் "என்ன பயிற்சி வேண்டும்?" என்று கேட்காதீர்கள், அவர் பயிற்சியின் பெயரைத்தான் சொல்வார். எந்த எண் எவ்வளவு மாற வேண்டும், அந்த எண் இன்று எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். கடந்த மூன்று மாதப் புகார்களை நீங்களே உட்கார்ந்து படித்து, கடுமையாகப் பேசினார்கள் என்பவை எத்தனை, பணம் திரும்ப வரவில்லை என்பவை எத்தனை, ஒரே கேள்விக்கு மூன்று முறை அழைக்க வேண்டியிருந்தது என்பவை எத்தனை என்று பிரியுங்கள். பணம் திருப்பித் தர ஊழியருக்கு அதிகாரமே இல்லையென்றால், கனிவாகப் பேசக் கற்றுக்கொடுப்பதால் புகார் கனிவாக முடியப் போவதில்லை. புகார் குறைவாக வரும் ஊழியர் யார், அவர் மேசையில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு வாரத்தில் பாதி இதற்கே போகட்டும்.

மேலாளர் இதற்கு இணங்காவிட்டாலும், எந்தக் குறையைச் சரிசெய்ய இந்தப் பயிற்சி என்று அவர் சொன்னதை அவருக்கே ஒரு மின்னஞ்சலாக எழுதி வைத்துவிடுங்கள். நான் எழுதி வைக்கவில்லை. மூன்றாவது சரக்கு நின்ற அன்று மாலைக் கூட்டக் குறிப்பில் காரணம் என்ற கட்டத்தில் "பயிற்சி போதுமானதாக இல்லை" என்று ஏறியது. ஊசிப் பெட்டி வந்த பிறகும் அதை யாரும் திருத்தவில்லை.