எந்த ஹீட்டர் மின்கட்டணத்தைக் குறைக்கும்?

கேள்வி: எங்கள் வீடு பழையது. ஒரே இயந்திரத்திலிருந்து எல்லா அறைகளுக்கும் குழாய் வழியாகக் காற்று போகும் ஏற்பாடு இல்லை. குளிர்காலத்தில் மின்சாரத்தை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். கூடத்தில் மாலையிலிருந்து ஆறு மணி நேரமாவது இருப்போம். குழந்தைகள் இருவரும் தனி அறையில் தூங்குகிறார்கள். செராமிக் ஹீட்டர் வாங்கினால் கட்டணம் பாதியாகும் என்கிறார் கடைக்காரர். எண்ணெய் ரேடியேட்டர்தான் சிக்கனம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எதை வாங்குவது? இப்போதுள்ள ஃபேன் ஹீட்டரின் பிளக் ஒரு பக்கம் பழுப்பேறியிருக்கிறது. அது வேலை செய்கிறது.

பதில்: முதலில் அந்த பிளக். இன்றே அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். பழுப்பு நிறம் என்றால் பிளாஸ்டிக் கருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக, மணிக்கணக்கில் இழுக்கும். சாக்கெட்டின் உள்ளே பிடிப்பு தளர்ந்திருந்தால் அந்த இடமே தனி ஹீட்டராகிவிடும். பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது. சாக்கெட்டையும் மாற்றி, பின்னால் உள்ள வயர் கருகியிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஹீட்டரையும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதீர்கள்.

இனி கடைக்காரருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வருவோம். இருவர் சொல்வதும் சரியில்லை. கம்பியோ செராமிக்கோ, மின்சாரத்தைத் தடுத்துச் சூடாக்கும் எந்த ஹீட்டரும் ஒரு யூனிட்டுக்கு 860 கிலோ கலோரி வெப்பம்தான் தரும். கூடவும் தராது, குறையவும் தராது. 500 ரூபாய் ஹீட்டரானாலும் 15,000 ரூபாய் ஹீட்டரானாலும் இதில் வித்தியாசமில்லை. செராமிக்கில் கட்டணம் குறைந்தால் அதன் வாட் குறைவாக இருக்கும், அல்லது சூடு போதுமானதும் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் அதை அடிக்கடி அணைத்திருக்கும். எண்ணெய் ரேடியேட்டர் அணைத்த பிறகும் கதகதப்பாக இருப்பது உண்மை. ஆனால் அந்தச் சூட்டை ஏற்றுவதற்கு முதலில் அரை மணி நேரம் மின்சாரத்தை விழுங்கியிருக்கும். ‘பாதிக் கட்டணம்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

இந்தக் கணக்கிலிருந்து தப்புவது ஒன்றே ஒன்று: சூடாக்கவும் செய்யும் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏ.சி. ஓடும் ஃப்ரிட்ஜின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ கையை வைத்துப் பாருங்கள். உள்ளிருந்து வெளியேற்றிய வெப்பம் கையில் படும். இந்த ஏ.சி. அதே வேலையை வீட்டுக்குச் செய்கிறது; வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை அள்ளி உள்ளே கொண்டுவருகிறது. வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும். கூடத்தில் 1,500 வாட் ஹீட்டர் ஆறு மணி நேரம் ஓடினால் 9 யூனிட். அதே வெப்பத்துக்கு இதில் ஏறக்குறைய 3 யூனிட். குழாய் ஏற்பாடும் தேவையில்லை, சுவரில் ஒரு துளை போதும். ஆகவே கூடத்துக்கு இதைத்தான் சொல்வேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. குளிரூட்ட மட்டுமே செய்யும் மாடல்களும் அதே தோற்றத்தில் இருக்கும். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெளியே குளிர் கூடக் கூட இதன் திறன் குறையும். உங்கள் ஊரில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகுமானால், அந்தக் குளிரில் எத்தனை கிலோவாட் வெப்பம் தரும் என்பதை விவரத்தாளில் பாருங்கள். நட்சத்திர எண்ணிக்கை அதைச் சொல்லாது. உறைகுளிரில் அவ்வப்போது உள்ளே காற்று நின்று, வெளிப்பெட்டியிலிருந்து ஆவி எழும். வெளியே படிந்த உறைபனியை அது உருக்கிக்கொள்கிறது, பழுது இல்லை. சூடான காற்று மேலே போய்விடும் என்பதால், காற்றுத் தகட்டைக் கீழ்நோக்கி வையுங்கள்.

குழந்தைகள் அறைக்கு எண்ணெய் ரேடியேட்டர் நல்லது. சத்தமில்லை, சிவக்கும் கம்பியில்லை. தெர்மோஸ்டாட்டும், சாய்ந்தால் தானே அணையும் வசதியும் இருக்கட்டும். போர்வை, திரைச்சீலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டு, அவர்கள் படுத்ததும் அணைத்துவிடுங்கள். இரவு முழுவதும் வெப்பம் வேண்டுமென்றால் நகரும் ஹீட்டர் வேண்டாம். சுவரில் பொருத்தும் வகையைத் தனி வயர் இழுத்துப் பொருத்தச் சொல்லுங்கள்.

அளவு பற்றி: சாதாரண உயரமுள்ள அறையில் சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட் வெப்பம் என்பது வழக்கமான உத்தேசக் கணக்கு. பழைய வீடுகளில் கூரை உயரமாக இருப்பதால் கூடுதலாகவே தேவைப்படும்.

எதையும் வாங்கும் முன், காற்று வீசும் நாளில் மெல்லிய காகிதத்தை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஜன்னல் விளிம்பிலும் கதவின் அடியிலும் பிடித்துப் பாருங்கள். காகிதம் படபடக்கும் இடமெல்லாம் நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று வெளியேறும் வழி. ரப்பர் பட்டையை ஒட்டி அதை அடைத்த பிறகு அளவைக் கணக்கிட்டால், சிறிய ஹீட்டரே போதுமானதாக இருக்கலாம்.

கேள்வி: ஹீட்டர் போட்டால் அறையில் ஆக்ஸிஜன் குறைந்துவிடும் என்கிறார்களே? தொண்டையும் வறண்டுபோகிறது.

பதில்: மின்சார ஹீட்டர் எதையும் எரிப்பதில்லை, அதனால் ஆக்ஸிஜன் குறையாது. வறட்சி உண்மை. 10 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதத்துடன் இருக்கும் காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால், தண்ணீர் ஒரு துளியும் குறையாமலே ஈரப்பதம் 37 சதவீதமாகிவிடும். தெர்மோஸ்டாட்டை ஓரிரு டிகிரி இறக்கி வையுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆக்ஸிஜன் பற்றிய பயம் கேஸ், மண்ணெண்ணெய் ஹீட்டர்களுக்குப் பொருந்தும். அவை ஆக்ஸிஜனை எரிக்கும், மணமில்லாத கார்பன் மோனாக்சைடையும் வெளியிடக்கூடும். மூடிய படுக்கையறையில் அவற்றை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.