தோட்டத்தை விற்று எம்பிபிஎஸ் வேண்டாம், அண்ணாச்சி

மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்கவில்லை, வெளிநாட்டில் எம்பிபிஎஸ் சேர்க்க அருமனைத் தோட்டத்தை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மைத்துனர் வாங்க ஆளும் பார்த்துவிட்டாராம். பிள்ளைக்குப் பிடித்தது இயற்பியலும் கம்ப்யூட்டர் புரோகிராமும்.

உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனாலும் விற்காதீர்கள். வெளிநாட்டில் படித்து வந்தவர் இங்கே மருத்துவம் பார்க்க எஃப்எம்ஜிஇ என்ற தகுதித் தேர்வில் தேற வேண்டும். எழுதுபவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. மைத்துனரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். இன்ஜினியரிங், நர்சிங் பற்றியெல்லாம் ஊரே சொல்லும். நான் சொல்லப்போவது நகரத்துக் காற்று மாசைக் கணிக்கும் வேலை.

உங்கள் புகைப்புரையில் ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் விறகுப் புகை, பஸ் கக்கும் டீசல் கரி, இரண்டிலும் இருப்பது கார்பன் துகள்தான். குணம் வேறு. டீசல் கரி வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கும். விறகுப் புகையில் கரிமச் சேர்மங்கள் அதிகம். போதாக்குறைக்கு, பெட்ரோல் ஆவி போன்ற வாயுக்கள் வெயிலில் வேதிமாற்றம் அடைந்து காற்றிலேயே புதுத் துகளாகிவிடும். எந்தப் புகைக்குழாயில் அளந்தாலும் அது அகப்படாது. சென்னை மாதிரி நகரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் லாரி, ஜெனரேட்டர், அடுப்பு, குப்பை எரிப்பு என்று புகைக்கணக்கு எடுப்பார்கள். காற்றும் வெயிலும் மழையும் அதை என்ன செய்யும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார்கள். ராத்திரியில், தரையை ஒட்டிக் காற்று கலக்கும் அடுக்கு தாழ்ந்துவிடும். புகை அதே அளவுதான், அடர்த்தி ஏறிவிடும். கடல்காற்று புகுந்தால் கணக்கே மாறும். கடைசியில், காற்று மாசு அளக்கும் நிலையங்களில் பதிவான எண்ணோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் பொருந்தாது! எதை விட்டோம் என்று துருவ வேண்டும். புரோகிராமில் பிழை தேடி உட்காரும் பிள்ளைக்கு இது அலுக்காது.

தேவையும் இருக்கிறது. பிஎம் 2.5 என்னும் நுண்துகளுக்கு இந்தியாவின் ஒருநாள் வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம்; உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் பக்கத்துத் தூத்துக்குடியும் உண்டு. எந்தப் புகையைத் தடுத்தால் எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே சொல்ல இந்தக் கணிப்புதான் வேண்டும்.

சரி, வழி? நாகர்கோவிலிலேயே பி.எஸ்சி இயற்பியல். அரசு உதவி பெறும் எய்டட் பிரிவா என்று கேட்டுச் சேருங்கள். சுயநிதிப் பிரிவில் கட்டணம் கூடும். பிறகு ஜாம் என்ற எம்.எஸ்சி நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடி, இல்லையென்றால் கொச்சியில் குசாட் பல்கலைக்கழகத்தில் வானிலையியல் எம்.எஸ்சி. அப்புறம் சிஎஸ்ஐஆர் நடத்தும் நெட் தகுதித் தேர்வில் புவி, வளிமண்டல அறிவியல் தாள். ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து ஆராய்ச்சியில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய். திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்திலேயே வளிமண்டலத் துகள் ஆராய்ச்சி நடக்கிறது. உங்களுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம்.

உடனே பெரிய சம்பளம் வராது. உதவித்தொகை நிரந்தர வேலையும் ஆகாது. பிஎச்டி முடிய வயது இருபத்தெட்டைத் தொடும். கல்யாணம் தள்ளிப்போகிறது என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள், பேசட்டும். கணக்கு கசக்கிறது என்று மகள் சொன்னால் மட்டும் இதை விட்டுவிடுங்கள். தோட்டத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.