கிரீஸ் அடிக்கும் முன்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஆரணிப் பக்கம் அரிசி ஆலை. 30 எச்.பி. மோட்டாருக்கு வாரா வாரம் கிரீஸ் அடிக்கிறோம், அப்படியும் பேரிங் கொதிக்கிறது. நல்ல கம்பெனி கிரீஸ் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: கம்பெனி இருக்கட்டும், முதலில் கிரீஸ் அடிக்கிற கன்னைக் கீழே வையுங்கள். வாரா வாரம் அடிப்பதால்தான் கொதிக்கிறது. பேரிங்குக்குள் இருக்கும் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி, அவ்வளவு கிரீஸ் போதும். முழுக்க அடைத்துவிட்டால் குண்டுகள் அதைக் கடைந்துகொண்டே ஓட வேண்டும், அதிலேயே சூடு ஏறி, எண்ணெய் பிரிந்து வெளியே வழிந்துவிடும், எண்ணெயைப் பிடித்துக் கெட்டியாக வைத்திருந்த சோப்புதான் காய்ந்து உள்ளே மிஞ்சும். ஒரு முறை அடிக்கும் அளவுக்குக் கணக்கு இருக்கிறது: பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மி.மீ.யில் பெருக்கி, அதை 0.005-ஆல் பெருக்கினால் கிராம் வரும். 6310 நம்பர் பேரிங் போட்டிருந்தால் 110 × 27 × 0.005, அதாவது ஏறக்குறைய 15 கிராம். உங்கள் கன் ஒரு அழுத்துக்கு எவ்வளவு தள்ளும் என்று பத்து அழுத்து காகிதத்தில் அடித்துத் தராசில் நிறுத்துப் பாருங்கள், கன்னுக்குக் கன் வித்தியாசப்படும். கிரீஸ் உள்ளே போகும் முனையான நிப்பிளைத் துடைத்துவிட்டுக் கன்னை மாட்டுங்கள், இல்லாவிட்டால் உமித்தூசியும் சேர்ந்தே உள்ளே போகும். பழைய கிரீஸ் வெளியேறும் துளையின் மூடி, அதாவது டிரெயின் பிளக், இருந்தால் கழற்றிவிட்டு அடித்து, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பழையது வெளியே வந்தபின் மூடுங்கள்.

கேள்வி: அப்போ எத்தனை நாளைக்கு ஒரு முறை அடிப்பது?

பதில்: மோட்டார் பிளேட்டிலோ கையேட்டிலோ எத்தனை மணி நேரம் ஓடியபின் அடிக்க வேண்டும் என்று போட்டிருக்கும், அதுதான் அடிப்படை. பேரிங் சூடு 70 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் அந்த இடைவெளியைப் பாதியாக்குங்கள். ஷாஃப்ட் செங்குத்தாக நின்றாலும் பாதிதான்.

கேள்வி: கடையில் ஏபி3 கிரீஸ் கேட்டால் ஒருவர் சிவப்பு தருகிறார், ஒருவர் நீலம் தருகிறார். எது ஒசத்தி?

பதில்: நிறம் வெறும் சாயம், அதைப் பார்த்து வாங்காதீர்கள். அந்த 3 என்பது கெட்டித்தன்மை. 25 டிகிரியில் ஒரு கூம்பை கிரீஸில் இறக்கி, அது எவ்வளவு ஆழம் போகிறது என்று பத்தில் ஒரு மி.மீ. கணக்கில் அளப்பார்கள்: 265 முதல் 295 வரை போனால் 2, 220 முதல் 250 வரை என்றால் 3. ஆனால் கெட்டியாக இருப்பதெல்லாம் பளு தாங்கும் என்று நினைத்துவிட வேண்டாம், பளு தாங்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். வேகமாகச் சுற்றும் மோட்டாருக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாகச் சுற்றிப் பளு இழுக்கும் ப்ளம்மர் பிளாக்குக்கு (ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் கூடு) தடித்த எண்ணெய். எந்த எண்ணெய் என்று டப்பாவில் இல்லாவிட்டால், கம்பெனி விவரத்தாளான டேட்டா ஷீட் கேட்டு வாங்குங்கள், தரமாட்டேன் என்கிற கடையில் வாங்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி: அண்ணா, ராஜபாளையம் மில்லில் ஃபிட்டர். பழைய லித்தியம் கிரீஸ் மேலேயே வேறு ரகமான புது பாலியூரியா கிரீஸை அடிக்கச் சொல்கிறார் சூப்பர்வைசர். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இரண்டும் தனித்தனியாக நல்ல சரக்குதான், சேர்ந்தால் பல சமயம் இளகி ஒழுகிவிடும், சில சமயம் இறுகிப்போகும். ஒத்துப்போகும் ரகங்களும் உண்டு, ஆனால் அதைக் கம்பெனி எழுத்தில் தரட்டும். தராதவரை பேரிங்கைத் திறந்து கழுவி, காயவைத்து, அப்புறம் புதுசு. களிமண் சேர்த்த கிரீஸ் இன்னும் மோசம், அநேகமாக எதோடும் ஒட்டாது.

கேள்வி: கிரீஸ் டப்பாவில் டிராப்பிங் பாயின்ட் 180 டிகிரி போட்டிருக்கிறது. டிரையர் பக்கம் பேரிங் 150-ல் ஓடுகிறது, தாங்கும்தானே?

பதில்: தாங்காது. 180 என்பது கிரீஸ் உருகிச் சொட்டும் சூடு. சாதா லித்தியம் 120 வாக்கில் ஓடினாலே சீக்கிரம் கெட்டுப்போகும். அந்த இடத்துக்கு, தொடர்ந்து 150-ல் ஓடலாம் என்று ஷீட்டிலேயே போட்டிருக்கும் கிரீஸைத் தேடுங்கள்.

கேள்வி: செயினுக்கும் கிரீஸையே பூசலாமா? இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்த பேரிங்குக்கு?

பதில்: செயினுக்கு எண்ணெய் விடுங்கள்; கிரீஸ் மேலேயே நின்றுகொண்டு தூசியைப் பிடிக்கும், செயின் கண்ணிகளைக் கோக்கும் பின்னுக்குள் இறங்காது. சீல் வைத்ததை நோண்டாதீர்கள், சத்தம் வந்தால் மாற்றிவிடுங்கள்.